எஞ்சின் விளக்கு அணையாதபோது

“லைட் மட்டுந்தாங்க எரியுது. மத்தபடி வண்டி நல்லாத்தான் ஓடுது.”

சேலம் ஐந்து ரோடு பக்கமோ நாமக்கல் பரமத்தி சாலையிலோ ஒரு பட்டறை வாசலில் அரை நாள் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. சொல்பவரிடம் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வருட வண்டி இருக்கும். அவர் அங்கே வருவதும் முதல் முறையாக இருக்காது. முதல் தடவை ஸ்கேனரைப் போட்டுக் குறியீட்டை அழித்துக் கொடுத்திருப்பார்கள். நாலே நாளில் விளக்கு மறுபடி எரிந்திருக்கும். இரண்டாம் தடவை ஒரு சென்சாரை மாற்றியிருப்பார்கள். சில ஆயிரம் ரூபாய் போயிருக்கும், விளக்கு பத்து நாள் கழித்துத் திரும்பியிருக்கும். இந்த அத்தியாயம் அந்த மூன்றாவது வருகைக்காக எழுதப்பட்டது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஸ்கேனர் காட்டும் குறியீடு, எந்த இடத்தில் புகார் பதிவானது என்பதைச் சொல்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதை அது சொல்வதில்லை. ‘ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிந்திருப்பதாகக் காட்டுகிறது’ என்று கணினி எழுதிவைத்தால், சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். புகார் கொடுத்தவரையே பிடித்து உள்ளே போடுவதுபோல அந்தச் சென்சாரைக் கழற்றி எறிவதுதான் நம் பட்டறைகளில் பணம் அதிகம் வீணாகும் இடம்.

இந்த விளக்கின் பூர்வீகம் கலிஃபோர்னியா. புகைமூட்டத்தால் திணறிய அந்த மாநிலம், 1988 மாடல் கார்களிலிருந்து, புகையைக் கட்டுப்படுத்தும் பாகங்களை வண்டியே கண்காணித்து ஓட்டுநருக்குச் சொல்ல வேண்டும் என்று விதித்தது. 1996 மாடலிலிருந்து அதன் இரண்டாம் தலைமுறை அமெரிக்கா முழுவதற்கும் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட் அப்போதுதான் எல்லாக் கார்களுக்கும் பொதுவானது. ஆகவே இந்த விளக்கு காவல் காப்பது புகைக்குழாயைத்தான். பிரேக், கிளட்ச், ஆயில் அளவு எதைப் பற்றியும் அதற்குத் தெரியாது.

இந்தியாவில் கதை சற்றே தாமதம். 2010 ஏப்ரல் 1 அன்று பாரத் ஸ்டேஜ் 4 (பி.எஸ். 4) என்ற புகை விதி பதின்மூன்று நகரங்களில் வந்தபோது முதல் கட்டக் கண்காணிப்பும் கூடவே வந்தது. அந்தப் பட்டியலில் சென்னை இருந்தது. சேலமும் நாமக்கல்லும் இல்லை. 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டம் தொடங்கியது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4, 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6. இந்தத் தேதிகளை நினைவில் வைப்பதால் நேரடியான லாபம் உண்டு. முதல் கட்டக் கணினி முக்கியமாக மின்சுற்றுகள் அறுந்தனவா, ஷார்ட் ஆயினவா என்று பார்த்தது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் தளர்ந்துவிட்டதா, எந்த சிலிண்டர் அடிக்காமல் விடுகிறது என்பதையெல்லாம் அளந்து சொல்வது இரண்டாம் கட்டத்தின் வேலை. 2011 காரையும் 2016 காரையும் ஒரே கேள்வி கேட்டால் ஒரே தரத்தில் பதில் வராது. ஆர்.சி.யில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

இன்னொரு குறிப்பும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘விளக்கு எரிந்தால் பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்கிப் பாருங்கள்’ என்று வெளிநாட்டுக் காணொளிகள் முதல் பாடமாகச் சொல்லும். டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று சோதிக்கும் அமைப்பு அமெரிக்கக் கார்களுக்குக் கட்டாயம். ஐரோப்பிய விதியைப் பின்பற்றி வந்த நம் பழைய கார்களில் அந்தச் சோதனை பெரும்பாலும் கிடையாது. மூடியை இறுக்குவதில் தவறில்லை. அதனால் விளக்கு அணையும் என்று காத்திருக்க வேண்டாம்.

விளக்கு எரியும் விதத்திலும் சேதி இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, எஞ்சின் கிளம்பியதும் அணைவதுதான் இயல்பு. சாவி போட்டும் எரியவே இல்லை என்றால் மகிழ்ச்சியடையக் கூடாது. பழைய வண்டி வாங்குபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்: பல்பைக் கழற்றியோ கறுப்பு டேப் ஒட்டியோ விற்றிருக்கலாம். நிலையாக மஞ்சளாக எரிந்தால் வண்டியை வீடு வரை, பட்டறை வரை ஓட்டலாம். பெட்ரோல் வண்டியில் விட்டுவிட்டு மினுக்கினால் ஓரம் கட்ட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போய், கன்வெர்ட்டருக்குள் எரிகிறது என்று பொருள். உள்ளே வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியசைத் தாண்டும். பீங்கான் தேன்கூடு உருகிவிடும். ஒரு இக்னிஷன் காயில் செலவோடு முடிய வேண்டியது, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகத்தில் போய் நிற்கும். சிவப்பில் எரியும் ஆயில் குடமும் வெப்பமானியும் வேறு சங்கதி. அவை எரிந்தால் தொப்பூர் கணவாயின் நடுவிலானாலும் பாதுகாப்பாக ஒதுக்கி எஞ்சினை நிறுத்தியே ஆக வேண்டும்.

ஸ்கேனர் பற்றிச் சுருக்கமாக. போனோடு புளூடூத்தில் சேரும் சிறு கருவிகள் சில நூறு ரூபாயிலேயே கிடைக்கின்றன. 2013-க்குப் பிந்தைய பெரும்பாலான கார்களுக்கு அவை போதும். செருகியதும் கருவியில் விளக்கே வரவில்லை என்றால் கருவியைத் திட்டுவதற்கு முன் ஃபியூஸ் பெட்டியைப் பார்க்க வேண்டும். சாக்கெட்டின் 16-வது முனையில் பேட்டரி மின்சாரமும் 4-வது, 5-வது முனைகளில் எர்த்தும் வர வேண்டும். கார்களுக்கான மலிவுக் கருவியை 24 வோல்ட் லாரியில் செருகவே கூடாது. லாரிகள் பேசும் மொழியும் வேறு. அவற்றின் குறியீடுகள் எந்தப் பாகம், எந்த வகைக் கோளாறு என்ற இரண்டு எண்களாக வரும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் வந்த எம்.பி.எஃப்.ஐ. மாருதி 800, ஆம்னி போன்றவை இன்னும் ராசிபுரம், ஆத்தூர் பக்கம் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு இந்தப் பொதுக் கருவி பதில் சொல்லாது. அந்தக் காலத்து மாருதிகளில் பரிசோதனை முனை ஒன்றை எர்த்தோடு இணைத்தால் விளக்கே கண்சிமிட்டிக் குறியீட்டைச் சொல்லும். ஒரு சிமிட்டு, சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டு என்றால் 12: கோளாறு எதுவும் பதிவாகவில்லை. எந்த முனை என்று அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து உறுதி செய்யாமல் கம்பியைச் செருகினால் கணினியே போய்விடும். அனுபவமுள்ள எலெக்ட்ரீஷியன்கள் இதை ஐந்து நிமிடத்தில் முடிப்பார்கள்.

குறியீடு கிடைத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதை அழிக்காமல் இருப்பது. கோளாறு பதிவான நொடியில் எஞ்சின் என்ன வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது, வண்டி நின்றதா ஓடியதா, எவ்வளவு சுமை இருந்தது என்று கணினி ஒரு புகைப்படம் போலப் பிடித்து வைத்திருக்கும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்று ஸ்கேனரில் தெரிவது இதுதான். அழி என்ற பொத்தானைத் தொட்டாலோ பேட்டரி வயரைக் கழற்றிப் போட்டாலோ குறியீட்டோடு அந்தப் படமும் போய்விடும். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட்டால் அடுத்த பட்டறைக்கும் அது உதவும். விளக்கு காலையில் குளிர்ந்த எஞ்சினில் வந்ததா, ஓமலூரிலிருந்து தர்மபுரி ஏற்றத்தில் நாலு பேரோடு ஏறும்போது வந்ததா என்பது மட்டும் தெரிந்தாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறையும்.

குறியீட்டின் எழுத்துக்கும் எண்ணுக்கும் இலக்கணம் இருக்கிறது. ‘பி’ என்று தொடங்கினால் எஞ்சின், கியர் சம்பந்தப்பட்டது. அடுத்த எண் பூஜ்யம் என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு. ஒன்று என்றால் அந்த நிறுவனத்துக்கே உரியது, அதன் விளக்கத்தைப் பொதுப் பட்டியலில் தேடி ஏமாறக் கூடாது. மூன்றாம் இடத்தில் உள்ள எண்ணைப் பார்த்தால் 1, 2 என்பவை காற்றும் எரிபொருளும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு. பி 0171, பி 0301, பி 0420 என்று மூன்றும் சேர்ந்து வந்தால் புதியவர் மூன்று நோய் என்று நினைப்பார். பெரும்பாலும் நோய் ஒன்றுதான். காற்று கசிந்து கலவை மெலிந்து, அதனால் முதல் சிலிண்டர் அடிக்காமல் விட்டு, அதன் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரைக் குழப்பியிருக்கும்.

பழைய வண்டியில் எங்கிருந்து தொடங்குவது? விலை உயர்ந்த பாகத்திலிருந்து அல்ல. வயர், எர்த், ரப்பர் ஹோஸ் என்ற மூன்றிலிருந்து. பத்து வருடம் நாற்பது டிகிரி வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் வெந்த பிளாஸ்டிக்கும் ரப்பரும், சென்சாருக்குள் இருக்கும் சிறு சில்லைவிட முன்னால் சாகும்.

பேட்டரியில் ஆரம்பிக்கலாம். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட், ஓடும் எஞ்சினில் சுமார் 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இதற்குக் கீழே இருந்தால் அடுத்த சோதனைகள் எல்லாம் பொய் சொல்லும். அடுத்தது எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்து, ஹெட்லைட், ஏ.சி. எல்லாம் போட்டுப் பார்த்தால் மீட்டர் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எர்த் வயர் பச்சை பூத்திருக்கிறது அல்லது போல்ட் தளர்ந்திருக்கிறது. ஐந்து வோல்ட்டுக்குள் கதை சொல்லும் சென்சார்களுக்கு, அரை வோல்ட் எர்த் திருட்டு ஒரு பெரிய பொய். ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நான்கைந்து சென்சார்களின் குறியீடுகள் கொத்தாக வந்தால் அத்தனையும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவை பகிர்ந்துகொள்ளும் எர்த்தையோ ஐந்து வோல்ட் வயரையோதான் தேட வேண்டும்.

சேலம், நாமக்கல் பகுதிக்கு என்றே ஒரு எதிரி இருக்கிறது: எலி. கோழிப்பண்ணைத் தீவனக் கிடங்கு, மக்காச்சோள மூட்டை, கிழங்கு குவிந்த ஜவ்வரிசி ஆலை, இவற்றின் பக்கத்தில் இரவில் நிற்கும் வண்டியின் சூடான எஞ்சின் அதற்கு மெத்தை. வயரின் மேல் உறையைக் கொறித்துவிட்டுப் போகும்; செம்பு அறுந்திருக்காது. வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. ஐப்பசி மழையில் ஈரம் பட்டதும் விளக்கு எரியும், காய்ந்ததும் அணையும். இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்கு ஸ்கேனரில் நேரடி அளவுகளை ஓடவிட்டு, ஒருவர் திரையைப் பார்க்க மற்றவர் வயர்க்கட்டைச் சாண் சாணாக ஆட்டிப் பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. எந்த இடத்தில் ஆட்டும்போது எண் துள்ளுகிறதோ அங்கேதான் காயம்.

அதேபோல ஆயுத பூஜை. பூஜைக்கு முந்தைய நாள் மாவட்டத்தின் எல்லா வண்டிகளும் வாட்டர் சர்வீசுக்குப் போகும். பானெட்டைத் திறந்து பிரஷர் பம்பால் எஞ்சினையும் அடித்துக் கழுவுவார்கள். புது வண்டியின் கப்ளரில் உள்ள ரப்பர் வளையம் தண்ணீரைத் தடுக்கும். பழைய வண்டியில் அந்த வளையம் சுருங்கிக் கல்லாகியிருக்கும், சில சமயம் முன்பு கழற்றியவர் திரும்பப் போட மறந்திருப்பார். சந்தனம், குங்குமம் வைத்து எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்பினால் இரண்டாம் நாள் விளக்கு வரும். எஞ்சினைக் கழுவாமல் துணியால் துடைப்பது போதும். கழுவியபின் விளக்கு வந்திருந்தால் ஒவ்வொரு கப்ளராகக் கழற்றி, காற்றடித்து உலர்த்தி, முனைகளில் பச்சை இருந்தால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து மாட்ட வேண்டும்.

கூடவே ஒரு வேண்டுகோள். மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வயரின் உறையில் ஊசி குத்தும் பழக்கம் இங்கே பல பட்டறைகளில் இருக்கிறது. குத்திய ஓட்டை வழியே ஈரம் புகுந்து ஆறு மாதத்தில் உள்ளே செம்பு பொடியாகும். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி அளப்பதே சரி. வண்டியின் உரிமையாளர் இதைத் தன்மையாகக் கேட்டு வாங்கலாம்: “அண்ணா, ஊசி குத்தாமப் பாருங்கண்ணா.”

அடுத்து காற்றுக் கசிவு. பெட்ரோல் வண்டிகளில் மிக அதிகமாக அலைக்கழிப்பது பி 0171, அதாவது கலவையில் காற்று கூடுதல் அல்லது எரிபொருள் குறைவு. இதற்கு ஸ்கேனரில் ‘ஃபியூயல் ட்ரிம்’ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிடக் கணினி எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பதுதான் அது. கூட்டல் பத்து, கழித்தல் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. வண்டி நின்றபடி ஐடிலில் கூட்டல் இருபது காட்டி, 2,500 சுற்றில் பிடித்தால் ஐந்துக்கு இறங்கினால் எங்கோ ரப்பர் ஹோஸ் விரிசல் விட்டிருக்கிறது. ஐடிலில் உள்ளே வரும் காற்று கொஞ்சம், அதில் கசிவின் பங்கு பெரிது. வேகம் கூடினால் அந்தப் பங்கு கரைந்துவிடும். இதற்கு நேர்மாறாக ஐடிலில் சரியாக இருந்து, இழுவையில் எண் ஏறிக்கொண்டே போனால் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம் அல்லது ஃபில்டர் அடைத்திருக்கலாம். ஒரே குறியீடு, இரண்டு திசைகள். திசையைக் காட்டுவது எண். ஆக்சிஜன் சென்சாரை மாற்றினால் இந்த இரண்டில் எதுவும் சரியாகாது.

சென்சாரைக் குறை சொல்வதற்கு முன் அது உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் எளிது. கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ள பழைய வகைச் சென்சார், எஞ்சின் சூடானபின் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே விடாமல் ஏறி இறங்க வேண்டும். நடுவில் உறைந்து நின்றால்தான் சந்தேகம். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ளது ஏறக்குறைய அசையாமல் இருக்க வேண்டும். அதுவும் முன்னால் உள்ளதைப் போலவே துள்ளினால் கன்வெர்ட்டர் சோர்ந்துவிட்டது. அப்போதும் கன்வெர்ட்டருக்கு ஆர்டர் கொடுக்கும் முன் சைலன்சர் இணைப்புகளில் கசிவு, எஞ்சின் ஆயில் எரிவது, சிலிண்டர் விடுவது ஆகியவற்றைச் சரிபார்த்தாக வேண்டும். அது சோர்ந்ததற்கான காரணம் அப்படியே இருந்தால் புதியதும் அதே வழியில் போகும்.

எத்தனால் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய வண்டிக்காரர்களின் கவலையில் அது முன்வரிசையில் இருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பது 2023-ல் சில பம்புகளில் தொடங்கி, 2025-ல் நாட்டின் சராசரிக் கலப்பே அந்த அளவை எட்டியது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. ஒரு கிலோ சாதாரணப் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். 20 சதவீதக் கலப்புக்கு ஏறத்தாழ 13.5 போதும். அதே காற்றுக்குக் கணினி கொஞ்சம் கூடுதலாக ஊற்றியாக வேண்டும். நோயே இல்லாத பழைய காரிலும் ஃபியூயல் ட்ரிம் ஐந்து, ஆறு கூட்டலில் நிற்பதற்கு இது போதுமான காரணம். ஏற்கனவே சிறு கசிவுள்ள வண்டியில் இந்த ஐந்து சேர்ந்து எல்லையைத் தாண்டவைக்கும். எரிபொருள்மீது பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தால் ஹோஸ் விரிசல் அப்படியேதான் இருக்கும். பழைய ரப்பர் குழாய்களை எத்தனாலைத் தாங்கும் வகையில் மாற்றுவதும், மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியில் பழைய பெட்ரோலை விட்டுவைக்காமல் இருப்பதும் செய்யக்கூடிய உருப்படியான வேலைகள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

தெர்மோஸ்டாட்டின் கதை இந்த ஊர்களுக்கே உரியது. ‘நம்ம வெயிலுக்கு அது எதுக்கு’ என்று கழற்றி எறிந்துவிடுவது பல பட்டறைகளில் வழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அந்த வழக்கம் ஓடியது. கணினி உள்ள வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லாமல் எஞ்சின் உரிய சூட்டுக்கு வரத் தாமதமானால், நெடுஞ்சாலைக் காற்றில் அறுபது, எழுபது டிகிரியிலேயே நின்றால், கணினி எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே நினைத்துக் கூடுதலாக எரிபொருளை ஊற்றும். மைலேஜ் விழும், ஆயில் கெடும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், கடைசியில் விளக்கும் வரும். திரையில் கூலன்ட் வெப்பம் 80 டிகிரிக்கு மேல் ஏறி நிலையாக நிற்கிறதா என்று பார்த்தால் பத்து நிமிடத்தில் விடை கிடைக்கும். ரேடியேட்டர் அடைப்பை நீக்கி, தெர்மோஸ்டாட்டைத் திரும்ப வைப்பதே தீர்வு.

டீசல் கார்களில் முதல் சந்தேகம் இ.ஜி.ஆர். வால்வு. எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் அனுப்பும் இந்த வால்வு கரியால் இறுகிவிடும். நகருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் இன்னும் சீக்கிரம். கழற்றிக் கிளீனரால் சுத்தம் செய்து, வால்வு தடையின்றி நகர்கிறதா என்று பார்த்து, புது கேஸ்கெட்டோடு மாட்டினால் பல வண்டிகள் சரியாகின்றன. தகடு வைத்து அடைத்துவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அடைத்தால் பி 0401, ‘ஓட்டம் போதவில்லை’ என்ற குறியீடு உறுதியாக வரும். பிறகு அதை மறைக்கக் கணினியில் கைவைக்க வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. சட்டத்தைத் தாண்டியும், அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் இரு சக்கர வண்டியில் வருபவர்.

ஏற்றத்தில் பிக்கப் இல்லாமல் போய், கூடவே பி 0299 வந்தால் டர்போவை மாற்றச் சொல்வார்கள். அதற்கு முன் டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்கு வரும் ஹோஸ்களைத் தடவிப் பார்க்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு வெளியே தெறித்திருக்கும் இடத்தில் விரிசலோ தளர்ந்த கிளிப்போ இருக்கும். காற்றழுத்தச் சென்சாரைச் சோதிக்கக் காசே வேண்டாம். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டால் அது அந்த ஊரின் காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் உள்ள சேலத்தில் அது 98 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் 85 அளவுக்கு இறங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியபின்னும் எண் மாறாமல் இருந்தால் சென்சாரைச் சந்தேகிக்கலாம். சேலத்திலிருந்து ஒரு மணி நேரத்தில் போகக்கூடிய இயற்கைச் சோதனைச்சாலை அது.

இனி லாரி. நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி லாரிக்காரர்களுக்கு இந்த விளக்கு பெரிதாக அறிமுகமானது 2017-க்குப் பிறகுதான். அதற்கு முந்தைய லாரிகளில் பெரும்பாலானவை கையால் திருத்தக்கூடிய டீசல் பம்போடு ஓடியவை. பி.எஸ். 4-ல் சில நிறுவனங்கள் இ.ஜி.ஆர். வழியிலும் சில யூரியாக் கரைசலைப் புகையில் தெளிக்கும் வழியிலும் போயின. இன்றைய பி.எஸ். 6 கனரக லாரிகளில் யூரியாக் கரைசல் இல்லாமல் வேலை நடக்காது. இந்தக் கரைசலில் தொழில்தரமான யூரியா 32.5 சதவீதம், மீதி தாதுக்கள் நீக்கிய தண்ணீர். செலவைக் குறைக்க வயலுக்குப் போடும் யூரியாவைப் போர்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது பேரிழப்பில் முடியும். நம் விவசாய யூரியா 2015 முதல் முழுக்க வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. போர்த் தண்ணீரில் சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது. எண்ணெயும் உப்பும் தெளிப்பான் முனையை அடைத்து, உள்ளே உள்ள வினையூக்கியின் மேல் படியும். பின்னால் உள்ள நைட்ரஜன் ஆக்சைடு சென்சார் அந்த வாயு கூடுவதைக் கண்டதும் விளக்கு எரியும், அப்படியே ஓட்டினால் கணினி எஞ்சினின் இழுவையைக் குறைத்துவிடும். முப்பது டன் பாரத்தோடு ஏற்றத்தில் வண்டி நகராமல் நிற்கும் அவலத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கரைசலின் ஒரு சொட்டை வைத்து அதன் அடர்த்தியைக் காட்டும் கைக்கருவி கிடைக்கிறது; கேன் வாங்கும்போதே 32.5-ஐக் காட்டுகிறதா என்று பார்த்துவிடலாம். கணினியை ஏமாற்றும் எமுலேட்டர் பெட்டிகளைப் பொருத்தச் சொல்பவர்களை அண்டவிடக் கூடாது. அடுத்த கோளாறு வரும்போது எந்த அளவு உண்மை, எது பெட்டி சொல்லும் பொய் என்று நல்ல மெக்கானிக்காலும் பிரித்தறிய முடியாமல் போகும்.

எரிவாயு கிட் பிறகு பொருத்திய ஆம்னி, இண்டிகா போன்ற வண்டிகளுக்கு ஒரே ஒரு அறிவுரை: முதலில் பெட்ரோலில் மட்டும் இரண்டு நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு அணைந்துவிட்டால் கோளாறு கிட்டின் வயரிங்கிலோ அதன் டியூனிங்கிலோ இருக்கிறது.

பட்டறைக்காரரிடம் பேசும் விதமும் செலவைத் தீர்மானிக்கும். “லைட்டை ஆஃப் பண்ணிக் குடுங்க” என்று கேட்டால் அதைத்தான் செய்துகொடுப்பார்கள். அது அவர்கள் தவறு அல்ல. “என்ன குறியீடுங்க, எந்த நேரத்துல பதிவாயிருக்கு, பாகம் கெட்டதுன்னு எதை அளந்து முடிவு பண்ணீங்க?” என்று மரியாதையோடு கேட்டால், நல்ல கைக்காரர் உட்கார வைத்து மீட்டரைக் காட்டியே விளக்குவார். சோதிக்கும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கொடுக்க வண்டிக்காரர் தயாராக இருக்க வேண்டும். ஒரு மணி நேரம் வயரைத் தேடியவருக்குப் பத்து ரூபாய் ரப்பர் வளையத்தின் விலையை மட்டும் கொடுத்தால், அடுத்த முறை அவரும் பாகத்தை மாற்றிவிட்டு பில் போடுவார். கழற்றிய பழைய பாகத்தைத் திரும்ப வாங்கி டிக்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். புதியதைப் போட்டும் குறியீடு திரும்பினால், பழையது பெரும்பாலும் நன்றாகவே இருந்திருக்கும். அவசரத்துக்கு அது உதவும்.

பழுது பார்த்தபின் விளக்கை எப்போது நம்புவது? கோளாறு உண்மையில் நீங்கியிருந்தால், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் மறுபடி தென்படாதபோது விளக்கு தானே அணையும். நினைவில் உள்ள குறியீடு நாற்பது தடவை எஞ்சின் சூடேறி ஆறியபின் நீங்கும். ஸ்கேனரில் அழித்திருந்தால் கணினி எல்லாச் சோதனைகளையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும். அதற்கு நகரத்துக்குள் பால் வாங்கப் போகும் ஓட்டம் போதாது. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் 44-ம் எண் நெடுஞ்சாலை இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி இரண்டு நிமிடம் ஐடிலில் விட்டு, ஊர் நெரிசலைத் தாண்டி, மல்லூர் கடந்ததும் டாப் கியரில் ஒரே சீரான வேகத்தில் கால் மணி நேரம் போக வேண்டும். ஆண்டகளூர் கேட் அருகே பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் தானாகக் குறையவிட்டு, பிறகு மீண்டும் பிடிக்க வேண்டும். புதுச்சத்திரம் பக்கம் ஒரு டீக்கடையில் எஞ்சினை அணைக்காமல் சில நிமிடம் நிறுத்தி, ஸ்கேனரில் ‘பெண்டிங்’ என்ற பகுதியைத் திறந்து பார்க்கலாம். விளக்கு எரியும் முன்பே முதல் சந்தேகங்கள் அங்கேதான் பதிவாகும். அதில் ஒன்றும் இல்லாமல், சோதனைகள் எல்லாம் முடிந்ததாகக் காட்டி, மாலை அதே வழியில் திரும்பும்போதும் காலியாகவே இருந்தால் டிக்கியில் கிடக்கும் பழைய சென்சாரை எடுத்து, தேதியும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டைச் சுற்றி, வீட்டு அலமாரியில் வைத்துவிடலாம்.